பாக்கி எப்படி வந்தது என்று கேளுங்கள்

(நம் சங்கத்தின் சமுதாயக் கூடத்தில் இளைஞர் தன்னார்வலர்களுக்கு நடந்த ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார், அதுவும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. தூக்கம் வந்தால் எழுந்து நின்றுகொள்ளுங்கள். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

அக்டோபர் 17 உலக வறுமை ஒழிப்பு நாள். அன்று நீங்கள் வீடு வீடாகப் போய், ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைக்கக் கோரிக் கையெழுத்து வாங்கப்போகிறீர்கள். நம் குடியிருப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "வாங்கின கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதுதானே தம்பி?" அவர்மேல் கோபப்படாதீர்கள். கவுன்டருக்கு உள்ளே நின்று அதே கேள்வியைக் கேட்டவன் நான்.

1980களில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் கறவை மாட்டுக் கடன் கொடுத்தோம். மாட்டுக்குக் காப்பீடு உண்டு. அடையாளத்துக்குக் காதில் ஒரு வில்லை அடித்திருக்கும். மாடு செத்தால் அந்த வில்லையை ஒப்படைத்தால்தான் இழப்பீடு. ஒரு அம்மா தவணை கட்டாமல் இருந்தார். கிளையில் இருபது பேர் நிற்கும்போது, "கட்ட முடியாதவங்க ஏம்மா கடன் வாங்கறீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

சில மாதம் கழித்து ஒரு மேஜை டிராயரைச் சுத்தம் செய்தபோது பழுப்பு உறை ஒன்று கிடைத்தது. உள்ளே அந்த வில்லையும் கால்நடை மருத்துவரின் சான்றும். மாடு செத்த வாரமே அவர் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எங்களில் யாரோ வாங்கிப் போட்டவர் அனுப்பவே இல்லை. லெட்ஜரில் வட்டி மட்டும் தவறாமல் ஏறியிருந்தது. ஏற்றியிருந்தது என் கையெழுத்து. பிறகு அனுப்பினோம். காலம் கடந்தது என்று திரும்பி வந்தது. அந்த அம்மாவைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மாற்றல் உத்தரவு வந்தது, போய்விட்டேன். இதுவரை இதை என் வீட்டில்கூடச் சொன்னதில்லை.

இப்போது ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்கு வாருங்கள். 1979-ல் ருமேனியாவிடமிருந்து டிராக்டர்களும் இயந்திரங்களும் கடனுக்கு வாங்கினார்கள். ஜாம்பியாவின் வருமானத்துக்கு ஆதாரம் தாமிரம். அதன் விலை விழுந்தது, கடனைக் கட்ட முடியவில்லை. 1999-ல் டோனிகால் இன்டர்நேஷனல் என்ற தனியார் நிறுவனம் அந்தப் பழைய கடனை ருமேனியாவிடமிருந்து சுமார் 33 லட்சம் டாலருக்கு வாங்கியது. பிறகு லண்டன் நீதிமன்றத்தில் 5.5 கோடி டாலர் கேட்டு ஜாம்பியாமேல் வழக்குப் போட்டது. 2007-ல் நீதிமன்றம் சுமார் 1.55 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 33 லட்சத்துக்கு 1.55 கோடி! நம் ஊர் கந்துவட்டிக்காரர்கூடக் கொஞ்சம் யோசித்திருப்பார். உலக நாடுகள் ஜாம்பியாவுக்குக் கடன் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நடந்த வழக்கு இது. பிரிட்டனில் இப்படி வழக்குப் போடுவதைக் கட்டுப்படுத்த 2010-ல் தனிச் சட்டமே வந்தது.

சட்டம் தானாக வரவில்லை. அதற்கு முன்னால் 'ஜூபிலி 2000' என்ற இயக்கம் நடந்தது. அதைத் தொடங்கிய மார்ட்டின் டென்ட் கல்லூரி ஆசிரியர், பில் பீட்டர்ஸ் வெளிநாட்டுத் தூதராக இருந்தவர். இருவரும் ஓய்வு பெற்ற மனிதர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். 1998 மே 16 அன்று பர்மிங்காமில் ஜி-8 தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். வந்தவர்கள் பெரும்பாலும் சாதாரண மக்கள். ஆனால் எந்த நாடு யாருக்கு எவ்வளவு கட்ட வேண்டும், பள்ளிக்கு எவ்வளவு ஒதுக்குகிறது என்று கேட்டால் பதில் சொல்லும் அளவுக்குப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். மறு வருஷம் கொலோன் மாநாட்டில் தள்ளுபடித் திட்டம் விரிவானது. உகாண்டாவில் மிச்சமான பணத்தில் பெரும்பங்கு தொடக்கக் கல்விக்குப் போனது.

இங்கே ஒரு எச்சரிக்கை. தள்ளுபடி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். தள்ளுபடி பெற்ற ஜாம்பியா மறுபடியும் வெளியே கடன் வாங்கி, 2020-ல் கட்ட முடியாமல் நின்றது. எதிர்வீட்டுக்காரர் இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களை மடக்குவார். அவர் சொல்லுமுன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று. காலையில் ஒரு தம்பி, "தினம் 3 டாலர் என்றால் இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேலே, அது வறுமையா சார்?" என்று கேட்டார். 2025-ல் உலக வங்கி அறிவித்த மிகக் கடுமையான வறுமையின் கோடு அது. அதை இன்றைய டாலர் விலையால் பெருக்கக் கூடாது. அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன பொருள் கிடைக்குமோ, அதே அளவுப் பொருளை இங்கே வாங்க எவ்வளவு வேண்டும் என்பதுதான் கணக்கு. ரூபாயில் அது நீங்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு.

எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தை அட்டையில் ஒட்டியிருக்கிறீர்களே, அதை எடுத்துவிடலாம் என்பது என் யோசனை. அந்தக் குழந்தையின் அம்மாவிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. அந்த இடத்தில் 33 லட்சம், 1.55 கோடி என்று இரண்டு எண்களைப் பெரிதாக எழுதுங்கள். படிப்பவர்கள் நின்று கேட்பார்கள்.

சரி, இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். ஒருவர் வீட்டுக்காரர், ஒருவர் கையெழுத்து கேட்பவர். வீட்டுக்காரர் விட்டுக்கொடுக்காமல் கேள்வி கேட்க வேண்டும். முதல் வீட்டுக்காரராக நான் இருக்கிறேன். யார் வருகிறீர்கள்?