வீட்டிலே கட்டக்கூடிய சிறு பாய்மரப் படகு
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நீர்க்கரையில் வாழ்பவனுக்குப் படகு, உழவனுக்கு ஏர் போன்றது. ஆயினும் படகு வேண்டுமெனில் பெருமரம் வாங்கவேண்டும், தேர்ந்த ஓடாவியை அமர்த்தவேண்டும், அவ்விரண்டுக்கும் கடன்படவேண்டும் என்பதே நெடுங்கால வழக்கம். அவ்வழக்கத்தை ஒருவாறு மாற்றிய முறையொன்று 1960-களில் இங்கிலாந்தில் பரவிற்று. அது கூட்டுறவாளர் அறியத்தக்கது.

பழைய முறையில் முதலில் ஏராவை வைத்து, விலாச்சட்டங்களை நிறுத்தி, அவற்றின்மேல் பலகைகளை வளைத்துப் பொருத்துவர். ஒவ்வொரு பலகையின் விளிம்பையும் கண்ணளவினாலேயே சீவவேண்டும். பல வருஷப் பழக்கமின்றி அக்கைத்திறன் வாராது. சாதாரணத் தச்சுவேலை மட்டும் தெரிந்தவன் படகில் கைவைக்க அஞ்சியதற்கு இதுவே காரணம்.

1962-ஆம் வருஷத்தில் ஜாக் ஹோல்ட் என்னும் படகமைப்பாளரும், தொலைக்காட்சியில் வீட்டு வேலைகளைக் கற்பித்துப் புகழ்பெற்ற பாரி பக்னெல் என்பவரும் சேர்ந்து, டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் ஒரு சிறு படகை வகுத்தனர். 1963-இல் அது லண்டன் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. நீளம் 10 அடி 10 அங்குலம். உடலின் எடை ஏறக்குறைய 100 ராத்தல். பாய் சிவப்பு நிறம். வெட்டிய பாகங்கள் அடங்கிய பெட்டியின் விலை 63 பவுன் 11 ஷில்லிங். கூலிக்காரரும் குமாஸ்தாக்களும் அதை வாங்கித் தம் வீட்டிலேயே பூட்டினர். நாளடைவில் அவ்வகைப் படகுகள் 70,000-க்கு மேல் ஏற்பட்டன.

அதன் இரகசியம் தையலே. மெல்லிய ஒட்டுப்பலகையை அளவுப்படி வெட்டி, விளிம்பையொட்டிச் சிறு துளைகள் இடுவர். இரு பலகைகளின் விளிம்புகளைச் சேர்த்து, துளைகளின் வழியே செம்புக் கம்பியைக் கோத்து முறுக்குவர். தையல் இறுக இறுகப் பலகைகள் தாமே வளைந்து படகின் வடிவத்தை அடையும். கோணல் இருந்தால் இந்நிலையிலேயே கம்பியைத் தளர்த்தித் திருத்தலாம். பின்னர்க் கண்ணாடி நார் நாடாவை மூட்டின்மேல் இட்டுப் பிசினால் நனைப்பர். அது இறுகிய பின் வெளியே நீட்டியுள்ள கம்பிகளை வெட்டி நீக்கி, வெளிப்புறத்திலும் நாடா ஒட்டுவர். அணியத்தைக் கூராக்காமல் தட்டையாக விட்டமையால், பலகையை மிகவும் வளைக்க வேண்டிய கஷ்டமும் இல்லை.

இம்முறை எளிது, ஆனால் அசட்டையைப் பொறாது. பழைய படகில் ஆணியும் சட்டமும் தாங்கிய பாரத்தை இங்கே ஒட்டே தாங்குகிறது. பலகையில் ஈரமோ தூசியோ எண்ணெயோ இருந்தால் பிசின் பற்றாது. வெயில் மிகுந்தால் பிசின் விரைவில் இறுகிவிடுமாதலால், சிறிது சிறிதாகவே கலக்கவேண்டும். அதன் ஆவி தீங்கானது; காற்றோட்டமான இடத்தில், கையுறை அணிந்தே வேலைசெய்தல் வேண்டும். பலகையின் வெட்டுமுனைகள் நீரைக் குடிக்குமாகையால், அவற்றைப் பிசினால் நன்கு மூடவேண்டும். பக்கங்களில் அமைந்த காற்றறைகளில் ஒரு துளைகூட இருத்தலாகாது. படகு கவிழ்ந்து நீர் நிரம்பினாலும் அது மூழ்காமல் ஆளைத் தாங்குவது அவ்வறைகளாலேயே.

பலகை வாங்குவதிலும் ஏமாறலாகாது. மலிவான ஒட்டுப்பலகை நீர்பட்டால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். கடல்நீருக்கேற்ற பலகைக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 710 ஆகும், அதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரிலிருந்தும் விடாதிருக்கவேண்டும் என்பது விதி. சந்தேகமிருப்பின் ஒரு துண்டைக் கொதிக்கவைத்துப் பார்த்தல் நலம். பலகையில் மீதம்பிடித்த பணத்தை நடுநீரில் உயிராகக் கொடுக்க நேரலாம்.

இது சீமைக்காரர் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடலாகாது. கன்னியாகுமரி ஜில்லாவில் கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் உரிய மரங்கள் அருகி விலையேறிய காலத்தில், 1980-களில், இத்தையல் முறையே முட்டத்துப் படகுப் பட்டறைக்கு வந்தது. 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் ஒட்டுப்பலகைப் படகுகளை மீனவரிடையே பரப்பிற்று. பிற்காலத்தில் கண்ணாடி நார்ப் படகுகள் மிகுந்தன. எனினும், காடு கொடாத மரத்துக்கு ஈடாக ஒரு முறையைக் கற்று, கைத்தொழிலைத் தம் ஊரிலேயே காத்துக்கொண்டது சிறிய காரியமன்று.

தனியொருவன் செய்வதினும் சங்கமாகச் செய்வதால் லாபம் அதிகம். பலகையும் பிசினும் மொத்தமாக வாங்கினால் விலை குறையும். தரத்தையும் கேட்டு வாங்கலாம். ஒரே அளவுத் தகடுகளைச் சங்கத்தில் வைத்துக்கொண்டால், அவற்றைக்கொண்டு பத்துப் பேரும் பலகை வெட்டலாம். எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று: ஒருவன் கட்டிய படகை மற்றொருவன் தடவிப் பார்த்து, ஒவ்வொரு மூட்டையும் தட்டிப் பார்த்து, முதலில் முழங்கால் நீரில் விட்டுக் கசிவறிந்த பின்னரே ஆழத்துக்குச் செல்லவேண்டும். தன் வேலையின் குற்றம் தன் கண்ணுக்குத் தெரிவது அரிது. அயலான் கண்ணுக்கு அது உடனே தெரியும். கடன் கொடுப்பதோடு சங்கத்தின் கடமை தீர்ந்துவிடாது. அக்கடனால் கட்டிய படகு, அதில் ஏறினவனைக் கரைசேர்க்கும்படி பார்ப்பதும் அதன் கடமையே.