தரவரிசையில் நமக்கு இரண்டு மதிப்பெண்

தோழர்களே, பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் வந்திருப்பதால் இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஒன்றிய அரசு 2016 முதல் வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைப் பார்த்துத்தான் பலரும் கல்லூரி தேடுகிறோம். ஒட்டுமொத்தப் பட்டியலின் 100 மதிப்பெண்ணில் 'அனைவரையும் உள்ளடக்குதல்' என்பதற்கு 10. அதற்குள் வெளிமாநில, வெளிநாட்டு மாணவர்களுக்கு 3, பெண்களுக்கு 3, மாற்றுத்திறனாளிகளுக்கு 2. பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தள்ளப்பட்ட மாணவர்களுக்கு மிச்சமுள்ள 2. கல்வியாளர்களும் வேலை கொடுக்கும் முதலாளிகளும் அந்த நிறுவனத்தின் மேல் வைத்திருக்கும் நல்லெண்ணத்துக்கோ 10! யார் மேல் யாருக்கு நல்லெண்ணம் வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? இடஒதுக்கீட்டு ஆசிரியர் பணியிடங்களை நிரப்பினார்களா என்பதற்குத் தனி மதிப்பெண்ணே கிடையாது. விண்ணப்பம் போடுமுன் அங்கே படித்த நம் பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்: எத்தனை பேர் சேர்ந்தீர்கள், எத்தனை பேர் படித்து முடித்தீர்கள்?