டெக்சாஸ் சொல்லும் பாடம்: சீட் மட்டும் போதாது, ஃபீஸுக்கும் வழி வேணும்!

(நமது ஐடி விங் இணையவழிப் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



கமெண்ட்ல வந்து "தகுதி, தகுதி"ன்னு பேசுறவங்க அடிக்கடி எடுத்துக்காட்டாச் சொல்றது அமெரிக்காவை. சரி, அமெரிக்காவையே பார்ப்போம்.

டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டி இருக்கிறது ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு. ஏழை லத்தீனோ குடும்பங்கள் அதிகம் வாழும் பகுதி. வீட்டுல முதல் ஆளா காலேஜ் போகத் துடிக்கிற பிள்ளைகள் அங்கே ஏராளம்.

1996-ல் ஹாப்வுட் வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாதுன்னு ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீனோ, கறுப்பின மாணவர்களின் எண்ணிக்கை சரிந்தது.

அப்போ களத்தில் இறங்கியவர் இர்மா ரேஞ்சல். டெக்சாஸ் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்வான முதல் மெக்சிகன் அமெரிக்கப் பெண். 1997-ல் அவர் கொண்டுவந்த சட்டம் ரொம்ப எளிமையானது: எந்தப் பள்ளியா இருந்தாலும், வகுப்பில் முதல் 10% இடத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் நேரடி அட்மிஷன். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மார்க் குறைவுன்னு தள்ள முடியாது!

"தரம் கெட்டுப் போகும்"னு அங்கேயும் சொன்னாங்க. நடந்தது என்ன? இந்தச் சட்டத்தில் வந்த பிள்ளைகள், தங்களைவிட அதிக எஸ்ஏடி மார்க் வாங்கி வேறு வழியில் வந்தவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். சொன்னது நாம இல்லை, அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த அறிக்கைகள்.

ஆனா தோழர்களே, அட்மிஷன் கிடைச்சும் பல பிள்ளைகளால போய்ச் சேர முடியல. ஃபீஸ், ஹாஸ்டல், பல மணி நேரப் பயண தூரம். அதனால்தான் 1999-ல் ஏழைப் பகுதிப் பள்ளிகளுக்கென்றே தனி உதவித்தொகைத் திட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் தொடங்கியது.

கிடைச்ச உரிமை நிலைக்கும்னும் உறுதி இல்லை. ஆவணங்கள் இல்லாத குடியேறிகளின் பிள்ளைகளும் உள்ளூர் மாணவர் கட்டணத்திலேயே படிக்கலாம்னு 2001-ல் டெக்சாஸ் சட்டம் போட்டது. கையெழுத்துப் போட்டவர் ரிபப்ளிகன் கட்சி ஆளுநர். 2025 ஜூனில் ஃபெடரல் அரசு வழக்குப் போட்டது, மாநில அரசு எதிர்க்கவே இல்லை, அன்றைக்கே நீதிமன்றம் தடை போட்டுடுச்சு. 24 வருஷச் சட்டம் ஒரே நாளில் முடக்கம்!

நமக்கும் இது புதுசு இல்லை. 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு வந்தது. சீட் கிடைச்சும் தனியார் கல்லூரி ஃபீஸைப் பார்த்துப் பிள்ளைகள் கலங்கி நின்னாங்க. அரசே கட்டணத்தை ஏற்ற பிறகுதான் அந்த ஒதுக்கீட்டுக்கு உயிர் வந்தது.

அதனால ரெண்டு வேலை செய்யுங்க. "தகுதி"ன்னு பேசுறவங்களுக்கு டெக்சாஸ் கதையைப் பொறுமையாச் சொல்லுங்க, திட்ட வேண்டாம். உங்க தெருவில் பிளஸ் டூ முடிச்ச ஒரு முதல் தலைமுறைப் பிள்ளைக்குக் கவுன்சலிங் பதிவு, முதல் பட்டதாரிச் சான்று, உதவித்தொகை விண்ணப்பம் எல்லாத்துக்கும் கூட நில்லுங்க.

சட்டத்தை வாங்கித் தர்றது கட்சியோட வேலை. அது கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்க்கிறது நம்ம வேலை!



#சமூகநீதி #கல்விஉரிமை #முதல்தலைமுறை