யானையை எண்ண வருவோர் எங்களையும் கேட்கட்டும்!

(அறுகம்பேயில் மீனவரும் விவசாயிகளும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



எனக்கு முன் பேசிய நண்பர், "ஹோட்டல் வருகிறது, வீதி வருகிறது, வேலை வருகிறது" என்றார். வரட்டும். தடுப்பதற்காக நான் இங்கு வரவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கி உல்லையின் வீடுகளை வாரிக்கொண்டு, பொத்துவிலோடு நம்மை இணைத்த பாலத்தையும் சிதைத்த அந்த நாளை மறந்தவர் எவரும் இக்கூட்டத்தில் இல்லை. அலைச்சறுக்க வந்த வெளிநாட்டாரை நம்பியே பலர் மீண்டும் அடுப்பு மூட்டினார்கள். வேலையற்று நிற்கும் இளைஞனைப் பார்த்து, "அபிவிருத்தி வேண்டாம் தம்பி" என்று சொல்லும் நெஞ்சழுத்தம் எனக்கில்லை.

நான் பேச வந்தது ஹோட்டலுக்கு முன்னால் வருகின்ற மனிதரைப் பற்றி. கழுத்திலே தொலைநோக்கி, கையிலே குறிப்பேடு. காலையில் களப்போரம் நடந்து பறவைகளை எண்ணுவார். மரத்திலே படக்கருவியொன்றைக் கட்டிவிட்டு, இரவில் எது கடந்துபோகிறது என்று பார்ப்பார். கைவிளக்கோடு தவளை தேடுவார். யானை இலத்தியைக் குனிந்து ஆராய்வார். நம் பிள்ளைகள் கண்டு சிரிக்கிறார்கள். சிரிக்க வேண்டாம்! அவர் எழுதும் சில பக்கங்களில் இந்தக் களப்பின் தலையெழுத்து இருக்கிறது.

"இவர் யாருடைய ஆள்? இன்று யானையை எண்ணுவார், நாளை என் வயலிலே எல்லைக்கல் நடுவாரா?" என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த அச்சத்தை அறியாமை என்று நான் தள்ளமாட்டேன். தெற்கே பாணமையில் இராகம்வெலை மக்கள் 2010 யூலையில் தம் நிலத்திலிருந்து விரட்டப்பட்டார்கள். அதில் 340 ஏக்கரை மீளக் கொடுக்கலாம் என்று 2015இல் அமைச்சரவை முடிவு செய்தது. அதன்பின்னும் அவர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கினார்கள். சிங்களச் சகோதரருக்கே அந்தக் கதியென்றால், தமிழ் பேசும் நம் நெஞ்சு அடித்துக்கொள்ளாதா?

ஆனால் அச்சம் வேறு, ஒதுங்கியிருப்பது வேறு. சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, முதலில் கணக்கெடு, பிறகு காட்டை வெட்டு என்று கட்டளையிடும் சட்டம் இந்நாட்டில் இல்லை. அணை எழுந்தது, குடியேற்றம் நடந்தது, பின்னரே 1954இல் கல்லோயாத் தேசிய வனம் பிரகடனமாயிற்று. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தை 1988இல் திருத்தியபோதுதான் பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் மதிப்பீடு கட்டாயமானது. அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, 30 நாள்வரை பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்த 30 நாள் நமக்குரியது! அந்த நாட்களில் நம்மூரிலிருந்து எத்தனை கடிதங்கள் போயின என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அறிவித்தல் தமிழிலே வருகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்கள் கொண்ட அறிக்கையோ பெரும்பாலும் ஆங்கிலத்திலே கிடக்கிறது. வலை இழுக்கும் கை அதைப் புரட்டுவதெப்படி?

இன்னொன்றையும் கேளுங்கள். ஹோட்டலென்றால் 99 அறைக்கு மேற்பட்டதற்கே அச்சட்டத்தின் பட்டியலில் இடமுண்டு. அறுகம்பேயில் இருப்பவை பத்து அறையும் இருபது அறையுமாகக் கட்டிய விடுதிகள். கரையோரத்தில் கட்டத் தனி அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆயினும் ஒவ்வொன்றையும் தனித்தனியே பார்த்தால் எல்லாம் சிறியவை. சேர்த்துப் பார்த்தாலோ ஒரு நகரம்! அந்த நகரத்தின் விளக்குகள் கடலோரம் இரவெல்லாம் எரிகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு வெளிச்சத்தைக் கடலென்று நம்பி வீதியை நோக்கி ஊர்கிறது. அதை எந்த விடுதியின் கணக்கில் எழுதுவது?

சரி, மதிப்பீடு நடக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். அதற்குக் கூலி கொடுப்பவர் யார்? திட்டத்தைக் கொண்டுவருபவரே! நிபுணர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. சேற்றிலும் நுளம்புக்கடியிலும் உண்மையாக உழைப்பவர்களை நானே கண்டிருக்கிறேன். ஆனால் கொடுக்கப்படும் நாட்களோ சில. எந்த மாதத்தில் அந்த நாட்கள்? இதுதான் பெரிய கேள்வி.

அலைச்சறுக்குக் காலம் ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர்வரை. அறை கிடைக்கும், வெயில் எறிக்கும், வீதி காய்ந்திருக்கும். வெளியூர் நிபுணரும் பெரும்பாலும் அப்போதுதான் வருவார். ஓகஸ்டில் வந்து பார்த்தால் களப்பின் ஓரம் வெடித்துக் கிடக்கும். வடக்கு நாடுகளிலிருந்து வரும் பறவைகளில் பெரும்பாலானவை அதற்குப் பின்னரே இறங்கும். மாரி பெய்து, முகத்துவாரம் உடைந்து, மீனும் இறாலும் ஏறியிறங்கும் காலத்தில் அந்தக் குறிப்பேடு கொழும்பிலே மூடிக்கிடக்கும். குமனையிலோ பறவைகள் கூடு கட்டுவது ஏப்ரலிலிருந்து யூலைவரை. லகுகலைக் குளத்திலே யானைகள் புல்லுக்காகக் கூட்டங்கூட்டமாக நிற்பது கோடையில். மழை பிடித்ததும் கலைந்துவிடும். எந்த வழியாகக் கலைந்தன? கோடையில் மட்டும் வந்தவரைக் கேட்டால், "இந்த நிலத்தில் யானை காணப்படவில்லை" என்று எழுதுவார். அது பொய்யன்று, தோழர்களே! பொய்யாக இருந்தால் எளிதாக உடைத்துவிடலாம். அது அரையாண்டின் உண்மை.

அந்த நிலத்திலே மதில் எழும்பினால் யானை திரும்பிப் போய்விடுமா? பக்கத்து வட்டைக்குள் இறங்கும். நட்டம் ஹோட்டலுக்கன்று, கதிர் முற்றிய வயலுக்கு! 2022இலும் 2023இலும் இந்நாட்டில் ஆண்டுக்கு 400க்கும் மேற்பட்ட யானைகள் மாண்டன. யானையால் ஆண்டுக்கு 100க்கும் மேற்பட்ட மனிதர் மாண்டனர். ஆகவே, விலங்கைச் சரியாக எண்ணுவது விலங்குக்குச் செய்யும் தருமம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒலுவிலைப் பாருங்கள். 2013இல் துறைமுகம் திறந்தார்கள். கரையை அலை அரித்தது, தோணி நுழையும் வாயை மணல் அடைத்தது. அது உயிரற்ற மணல்! அதன் வழியை மறித்ததற்கே இத்தனை துன்பமென்றால், உயிருள்ள யானையின் வழியை மறித்தால் என்னவாகும்?

வழியை அறிந்தவர் யார்? ஏறாவூர்ப் பணிக்கர்மாரை மறந்துவிட்டீர்களா? நம் கிழக்கு மண்ணின் முஸ்லிம்கள் அவர்கள். தோற்கயிறு ஒன்றை நம்பிக் காட்டுக்குள் போய் யானையின் காலிலே சுருக்கிட்டவர்கள். இந்தச் சோனகப் பணிக்கர்களின் திறமையை எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட தம் நூலில் வியந்து எழுதினார். முன்காலின் அடிச்சுவட்டைச் சுற்றி அளந்து இரட்டித்தால் யானையின் தோளுயரம் கிடைக்கும் என்பது அக்காலத்திலேயே இங்கு வழங்கிய கணக்கு. பட்டமா பெற்றார்கள்? கண்ணால் படித்தார்கள்! இன்றும் கண்டலுக்குள் தோணி தாங்குகிறவருக்கு முதலை கிடக்கும் குழி தெரியும். சேனைக் காவற்பரணில் விழித்திருப்பவருக்குக் கொம்பன் எது, அலியன் எது என்று இருட்டிலும் தெரியும். உகந்தை வழியே கதிர்காமம் நடக்கும் அடியார்களுக்குக் காட்டுப் பாதை தெரியும். இவர்களிடம் ஒரு சொல் கேளாத அறிக்கையை நிறைவான அறிக்கை என்று நாம் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கமாட்டேன். கண்டலை வெட்டி விறகாக்கியவர்கள் கொழும்பிலிருந்து வரவில்லை. ஆமை முட்டையைக் கிளறியவர்களை நமக்குத் தெரியும். பெயர் சொல்லி அவர்களை இங்கு நாணவைக்க விரும்பவில்லை. பிறரைக் கேள்வி கேட்கப் புறப்பட்ட பின் அந்தப் பழக்கம் தொடரக்கூடாது.

நாம் கேட்பது அதிகமில்லை. மாரியும் கோடையும் அடங்க ஓராண்டு முழுதும் கணக்கெடுக்கட்டும். கூலியைத் திட்டக்காரர் அதிகார சபையிடம் கட்டட்டும். நிபுணரைச் சபை தேர்ந்தெடுக்கட்டும். அறிக்கை முழுவதும் தமிழில் பிரதேச செயலகத்தில் வைக்கப்படட்டும். எங்கே யானை நடக்கிறது என்று எழுதும் அதே ஏட்டில், எங்கே மாடு மேய்கிறது, எங்கே கரைவலை இழுபடுகிறது, எந்த வயலை எந்தக் குடும்பம் எத்தனை தலைமுறையாக உழுகிறது என்பதும் எழுதப்படட்டும். எழுதப்பட்ட வயலைக் காடென்று சொல்லிப் பறிப்பது கடினம்.

அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இதோ, மேசைமேல் ஒரு பெரிய கொப்பி வைத்திருக்கிறேன். ஆமை ஏறிய இடம், யானை கடந்த நாள், பறவை இறங்கிய மாதம், கண்டது யார் என்று நான்கு கட்டம் கோடு போட்டிருக்கிறது. எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம், நம் பாடசாலைப் பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். நேற்றிரவு களப்போரம் யானை நின்றதாகப் பின்வரிசையில் இருக்கும் காக்கா ஒருவர் சற்றுமுன் சொன்னார். அவர் முதலில் வந்து பதியட்டும்.