காகிதம் கற்பிக்கும் பாடம்



இலக்கிய மேடையில் ராக்கெட்டுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ராக்கெட்டின் வரலாற்றில் நம் வட்டாரத்துக்கும் ஓர் ஏடு உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று, ஹைதர் அலி, திப்பு ஆகியோரின் படை கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படையை முறியடித்தது. மைசூர் ராக்கெட்டுகள் பட்டே அப்படையின் வெடிமருந்து வண்டிகள் வெடித்தன என்பர். இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்து, மூங்கிற் கழியுடன் பிணைத்த வாணங்கள் அவை. இரும்பு மிகுந்த அழுத்தத்தைத் தாங்கியதால் அவை நெடுந்தொலைவு பாய்ந்தன.

போருக்கு உதவிய உலோகமே பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு எமனாயிற்று. 1957இல் சோவியத் நாட்டின் ஸ்புட்னிக் விண்ணேறியதும், அமெரிக்கச் சிறுவர் பலர் உலோகக் குழாயில் தாமே மருந்தை அடைத்து, விரலையும் விழியையும் இழந்தனர், உயிரிழந்தோரும் உண்டு. நெப்ராஸ்காவில் காலணிக் கடை நடத்திய ஓர்வில் கார்லைல் 1954இலேயே காகிதக் குழாயில் சிறு ராக்கெட் செய்திருந்தார். ஹாரி ஸ்டைன் என்னும் பொறியாளர் அதனைப் பரப்பினார். இரும்பு அகன்றது, கல்வி நின்றது.

நம் பிள்ளைகளுக்கு மருந்தே வேண்டா, காற்றுப் போதும். அரை அங்குல பி.வி.சி. குழாயின்மேல் தாளைச் சற்றே தளர்வாகச் சுருட்டி ஒட்டுக. ஒரு முனையைக் காற்றுப் புகாதபடி கூம்பாக மூடுக. மறுமுனையருகே அட்டையில் வெட்டிய மூன்று சிறகுகளைச் சம இடைவெளியில் ஒட்டுக. காலியான இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் வாயில் அக்குழாயைப் பொருத்தி, மறுமுனையை வானோக்கி நிறுத்தி, ராக்கெட்டை அதில் செருகிப் பாட்டிலை ஓங்கி மிதித்தால் அது விண்ணென்று எழும். குழாய்க்கு நேராக எவரும் முகத்தை நீட்டலாகாது, அவ்வளவே எச்சரிக்கை.

எழுந்தது நேரே செல்லாமல் குட்டிக்கரணம் அடித்தால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எடையின் மையம், காற்று அழுத்தும் மையத்துக்கு முன்னே அமைய வேண்டும். நூலில் சமனாகக் கட்டித் தலைக்குமேல் சுழற்றிப் பாருங்கள். மூக்கு முன்னே சென்றால் நன்று. இல்லையேல் மூக்கில் சிறிது களிமண் சேர்க்க வேண்டும், அல்லது சிறகைப் பெரிதாக்க வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதலும் ஒரகடத்தில் 2010 முதலும் கார்கள் உருவாகி வருகின்றன. அவ்வாலைகளின் தொடர்வரிசையில் நிற்பவர், வரும் வண்டியில் ஒரு பாகத்தைப் பொருத்தி அடுத்தவரிடம் அனுப்புகிறார். முழுப் பொருளையும் எண்ணி, செய்து, பிழை கண்டு, திருத்தும் வாய்ப்பு அவருக்கு அரிது. அவருடைய பிள்ளைக்கு அவ்வாய்ப்பை ஒரு தாள் தருகிறது.

இலக்கிய வட்டத்தின் கடமையும் இங்கேதான் இருக்கிறது. தன் ராக்கெட் ஏன் கவிழ்ந்தது என்பதைப் பிள்ளை தன் தமிழில் எடுத்துரைக்கட்டும். செய்து பார்த்த கைக்குச் சொல் தானே கிடைக்கும். மனப்பாடத்தில் பெற்ற சொல்லோ தேர்வோடு உதிரும். நம் மாதக் கூட்டங்களில் ஒரு மணி நேரத்தைச் சிறுவர்க்கு ஒதுக்குவோம். பத்தாண்டு கண்ட வட்டத்துக்கு இதனினும் பொருத்தமான அடுத்த பணி இல்லை.