கம்பி வழியும் காற்று வழியும்

(சங்க மண்டபத்தில் வாலிபர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



கணினியைப் பற்றி ஏதாவது பேசவேண்டுமென்று செயலாளர் கேட்டுக்கொண்டார். கணினியின் பெருமையைப் பேசுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு, கடைக்காரரே போதும். ஆதலால் அதை அவரிடமே விட்டுவிடுகிறேன். ஒரு சாமானை வாங்கும்போது நாம் பெறுவது என்ன, அதற்காக விட்டுக்கொடுப்பது என்ன என்ற கணக்கையே இன்று பேச எடுத்துக்கொண்டேன். கடைப் பலகையில் பெறுவது மாத்திரம் பெரிய எழுத்தில் இருக்கும். விட்டுக்கொடுப்பதை எவரும் எழுதிவைப்பதில்லை. அது சாமான் வீட்டுக்கு வந்து மூன்றாம் மாதம், மாரி மழையிலோ மின்வெட்டிலோதான் தெரியவரும்.

நம்மூரிற் கணினி வாங்கும் காசு எங்கிருந்து வருகிறது? வெங்காயமும் புகையிலையும் விற்ற காசு. அல்லது கனடாவிலோ பிரான்சிலோ இரவு வேலை செய்யும் ஒரு பிள்ளை அனுப்பிய காசு. 2022 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த ஒரு டொலர், சில வாரங்களுக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. பிறகு சற்று இறங்கியபோதிலும் பழைய இடத்துக்கு வரவேயில்லை. கணினி, கைத்தொலைபேசி, ரவுட்டர் எல்லாமே கப்பலில் வருகிற சாமான்கள். ஆகவே ஒரு வீட்டார் தவறான சாமானை வாங்கிவிட்டால், அந்த வீட்டுப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை முடியும்வரை இன்னொன்று கிடையாது என்பதே நடைமுறை.

இந்தக் கணக்கு நமக்குப் புதிதன்று. 1990 ஆம் ஆண்டில் யுத்தம் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாமற் போயிற்று. வானொலிக்குப் போடும் பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. அப்போது சைக்கிளை நிறுத்திவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் செய்தி கேட்டவர்கள் இச்சபையிலும் பலர் இருப்பீர்கள். அந்த டைனமோ தருவது 6 வோல்ற்று, 3 வாற்று. அதற்குள் என்ன செய்யலாம், என்ன செய்ய முடியாது என்பது அக்காலத்தில் பத்து வயதுப் பையனுக்கும் மனப்பாடம். பாட்டுக் கேட்டால் கால் உளையும். ஆகவே செய்திக்கு மட்டும் சுற்றுவார்கள். இன்றைய சாமான்களையும் அந்தக் கண்ணாற் பார்க்கவேண்டுமென்பதே என் விண்ணப்பம்.

முதலில் வீட்டுக்குள் ஓடும் காற்று வழியை எடுத்துக்கொள்வோம். வைஃபை என்று சொல்கிறோமே, அது இரண்டு விதமான அலைகளில் வருகிறது. ஒன்று 2.4 கிகா ஹேர்ட்ஸ். மற்றது 5 கிகா ஹேர்ட்ஸ். முன்னையதன் அலைநீளம் ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர். பின்னையதன் நீளம் அதிற் பாதி, அல்லது அதற்கும் சற்றுக் குறைவு. நீண்ட அலை தூரம் போகும். சுவரையும் ஓரளவு கடக்கும். ஆனால் அதில் இடம் குறைவு. ஒன்றோடொன்று மோதாத தடங்களென்று பார்த்தால் 1, 6, 11 என மூன்றே மூன்று. அயலில் நாலு வீட்டில் ரவுட்டர் இருந்தால் நாலாவது வீட்டுக்காரர் யாருடனாவது தடத்தைப் பங்குபோடத்தான் வேண்டும். 5 கிகா ஹேர்ட்ஸில் தடங்கள் பல. வேகமும் மிக அதிகம். ஆனால் சுவரைக் கண்டால் அது சோர்ந்துவிடும்.

நம்முடைய சுவர்களோ சாமானியமானவை அல்ல. சுண்ணாம்புக் கல்லை அடுக்கிச் சாந்து பூசிய பழைய கல்வீட்டுச் சுவர், வெயிலுக்கு நல்லது, அலைக்குப் பகை. புதிய வீடுகளிற் கொங்கிறீற்றுக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. அதற்குமேல் அறைக்கு அறை ஓர் இரும்பு அலுமாரி. நாற்சார் வீட்டில் மட்டும் ஒரு விசேஷம்: நடு முற்றம் திறந்திருப்பதால், முற்றத்தைப் பார்த்த விறாந்தையில் ரவுட்டரை வைத்தால் நாலு பக்கத்துக்கும் கதவு வழியாகவும் யன்னல் வழியாகவும் அலை போய்ச் சேரும். நம் முன்னோர் காற்றுக்காக விட்ட இடம் இதற்கும் உதவுகிறது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. கம்பி வீட்டுக்குள் நுழையும் மூலையிலேயே பெட்டியையும் பூட்டிவிட்டுப் போவார்கள். பூட்டுகிறவருக்கு அதுவே சுருக்கமான வேலை. அந்த மூலையிலிருந்து புறப்படும் அலையிற் பெரும்பகுதி வேலியைத் தாண்டிப் பருத்தித்துறை வீதியாற் போகிறவருக்குப் பிரயோசனப்படும். பிள்ளை படிக்கும் பின்னறைக்கு மிச்சந்தான் வரும். உடனே வீட்டுக்காரர், வேகம் போதாதென்று மாதக் கட்டணம் கூடிய திட்டத்துக்கு மாறுவார். பின்னறையில் ஒரு மாற்றமும் இராது. பெட்டியை வீட்டின் நடுவே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைக்க ஆகும் செலவு சில மீற்றர் கம்பியும் நாலு ஆணியுமே.

அலையை நீட்டித்தருவதாக ஒரு சிறு பெட்டியும் விற்கிறார்கள். அதைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். மலிந்த வகைப் பெட்டி, ரவுட்டரிடமிருந்து கேட்பதையும் பிள்ளையின் கணினிக்குச் சொல்வதையும் ஒரே தடத்தில் மாறிமாறிச் செய்கிறது. கேட்கும்போது சொல்ல முடியாது, சொல்லும்போது கேட்க முடியாது. ஆகவே வேகம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். அலை வருகிறதென்று கைத்தொலைபேசியில் நாலு கோடும் காட்டும். பாடம் மட்டும் நின்று நின்று வரும்.

இதற்குப் பதிலாகப் பின்னறைவரை ஒரு கம்பி இழுத்துவிட்டால் என்ன? கற் 5-ஈ என்று சொல்லப்படும் சாதாரண வலையமைப்புக் கம்பி 100 மீற்றர் தூரம்வரை விநாடிக்கு ஒரு கிகாபிற் சுமக்கும். சுவரும் அலுமாரியும் அதற்கு ஒரு பொருட்டன்று. பக்கத்து வீட்டோடு தடம் பங்குபோடவும் தேவையில்லை. மேசைக் கணினியும் தொலைக்காட்சியும் இருந்த இடத்தைவிட்டு அசைவதில்லையே, அவற்றுக்கு ஏன் காற்று வழி? அவற்றைக் கம்பியில் மாட்டிவிட்டால், அலையும் கைத்தொலைபேசிகளுக்குக் காற்றில் இடம் தாராளமாகும்.

ஆனால் கம்பியும் சும்மா வருவதில்லை. வெளியே இழுத்தால் வெயிலில் அதன் தோல் வெடிக்கும், அணில் கடிக்கும். இவற்றையும்விடப் பெரிய விஷயம் இடி. சித்திரை, வைகாசியிலும், ஐப்பசி, கார்த்திகையிலும் நமக்கு இடிமழை அதிகம். செப்புக் கம்பி மின்னலின் பாய்ச்சலை வீட்டுக்குள் அழைத்துவரும். பழைய தொலைபேசிக் கம்பி வழியாகப் பாய்ச்சல் வந்து ரவுட்டரும், அதனோடு கம்பியாற் பிணைத்த கணினியும் ஒரே இரவிற் கருகிய வீடுகள் உண்டு. ஆகவே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு, தம்பி வீடுதானே என்று வளவுக்கு மேலாற் செப்புக் கம்பி இழுப்பதை நான் ஒருபோதும் ஒப்பேன். அந்த இடத்துக்குக் காற்று வழியே மேல். வீட்டுக்குள்ளே இழுத்த கம்பியையும் இடி குமுறும்போது கழற்றிவிடுவது நன்று.

வீட்டுக்கு வெளியே வரும் வழிக்கு வருவோம். செப்புக் கம்பிக்குப் பதிலாக இப்போது கண்ணாடி இழை வருகிறது. இழை மின்சாரத்தைக் கடத்தாது. தூரத்தால் வேகம் குறையும் குற்றமும் நம்மூர் அளவுக்கு அதில் இல்லை. இழையோடு சேர்த்து இரும்புத் தாங்கு கம்பி ஓடினால், அதை மட்டும் வீட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடவேண்டும். மிகுந்த நன்மைதான். ஆயினும் இதில் நாம் விட்டுக்கொடுத்தது ஒன்று உண்டு. அதைப் பலர் கவனிக்கவில்லை. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ற்று மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே அதே கம்பியில் வந்தது. ஊரே இருண்டிருந்தாலும் தொலைபேசி மணி அடிக்கும். இழையில் மின்சாரம் வராது. வீட்டில் மின்சாரம் நின்றால் பெட்டியும் நிற்கும், தொலைபேசியும் ஊமையாகும். தனியே இருக்கும் முதியவர்கள், நெஞ்சுவலி வந்தால் யாரை எப்படி அழைப்பது என்பதை இழை பூட்டும் அன்றே யோசித்துக்கொள்ளவேண்டும்.

2022 மார்ச் மாத முடிவில் ஒரு நாளில் 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. ரவுட்டர் குடிப்பது ஏறக்குறைய 8 முதல் 12 வாற்று. 12 வோல்ற்று, 7 அம்பியர் மணி பற்றரியொன்றில் அடங்கியிருப்பது 84 வாற்று மணி. வீணாவதைக் கழித்தாலும் அது ரவுட்டரை ஐந்தாறு மணிநேரம் நடத்தும். அதே பற்றரி மேசைக் கணினியையும் திரையையும் ஒரு மணிநேரம் தாங்குவதே அரிது. ஸ்ரார்லிங் என்னும் செய்மதிச் சேவை 2025 யூலையில் இலங்கையில் ஆரம்பமானது. கம்பியும் கோபுரமும் எட்டாத இடத்துக்கு அது வரப்பிரசாதமே. ஆனால் அதன் தட்டு மாத்திரம் 50 முதல் 100 வாற்றுவரை கேட்கும். தலைக்குமேல் வானம் மறைப்பின்றித் தெரியவேண்டும். தென்னையும் மாவும் நிறைந்த கோப்பாய் வளவில் வானத்தைத் தேட மரம் தறிக்க நேர்ந்தால் அந்த வியாபாரம் எனக்குச் சம்மதமில்லை.

நடுவில் இருப்பது கோபுரத்து அலையில் ஓடும் ரவுட்டர். அன்றே வாங்கி அன்றே வைக்கலாம். வீடு மாறினால் கையோடு கொண்டுபோகலாம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு அது நல்ல துணை. விலை என்னவெனில், ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அயலெல்லாம் பங்குபோடும். இரவு ஏழு மணிக்கு ஊர் முழுவதும் படம் பார்க்க இருக்கும்போது உங்கள் பிள்ளையின் வகுப்பும் அதே வரிசையில் நிற்கும். வாங்குமுன், நண்பர் ஒருவரின் கைத்தொலைபேசியில் அதே நிறுவனத்தின் இணைப்பைக் கொண்டு உங்கள் பின்னறையில், இரவு எட்டு மணிக்கு வேகத்தைப் பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

கணினியிலும் இதே கதைதான். 2020 மார்ச்சிற் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியின் சிறு திரையிலேயே நம் பிள்ளைகள் படித்தார்கள். பாடம் கேட்க அது போதும். கட்டுரை எழுதவும் கணக்கு அட்டவணை போடவும் போதாது. அப்போது மடிக்கணினியா, மேசைக்கணினியா என்ற கேள்வி எழுகிறது. மடிக்கணினி மின்வெட்டிலும் இரண்டு மூன்று மணிநேரம் ஓடும். பிள்ளை கொழும்புக்குப் படிக்கப் போனாற் கூடவே போகும். மேசைக்கணினி அதே காசுக்குக் கூடுதல் வேலை செய்யும். ஓர் உறுப்புக் கெட்டால் அந்த உறுப்பை மாத்திரம் மாற்றலாம். பல புதிய மடிக்கணினிகளில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள். மெல்லியதாக இருக்கிறதென்று மகிழ்கிறோம். மூன்று வருடத்திற் கூட்டவேண்டி வந்தாற் கூட்ட முடியாது. மெலிவுக்குக் கொடுத்த விலை அது. 8 கிகாபைற்றோடு பற்றவைத்ததைவிட, சற்றுத் தடித்தாலும் திறந்து மாற்றக்கூடியதையே நான் வாங்கச் சொல்வேன்.

பழைய கணினி வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. வெளிநாட்டு அலுவலகங்களிற் பாவித்துக் கழித்தவை இங்கே நல்ல விலைக்குக் கிடைக்கின்றன, உறுதியானவையுங்கூட. ஆனால் 2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 க்கோ, இன்ரெல் வகையாயின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியே முறைப்படி ஏற்கப்படும். ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் மலிவாக வருவதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை வாங்கி லினக்ஸ் போட்டு ஓட்டலாம். எழுத, படிக்க, வலையிற் தேட ஒரு குறையுமில்லை. ஆனால் வகுப்பில் வேர்ட், எக்செல் என்றே கேட்கிறார்களாயின் பிள்ளை இரண்டு வழக்கையும் பழகவேண்டியிருக்கும்.

பழைய கணினிக்குச் செய்யத்தக்க முதற் செலவு, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. ஐந்து நிமிடத்தில் எழும்பும் கணினி அரை நிமிடத்தில் எழும்பும். இங்கும் ஒரு விட்டுக்கொடுப்பு உண்டு: பழைய தட்டுக் கெடுமுன் பெரும்பாலும் கரகரவென்று சத்தமிட்டு எச்சரிக்கும், எஸ்.எஸ்.டி. சத்தமில்லாமற் போய்விடும், போனதை மீட்பதும் கடினம். ஆகவே கழற்றிய பழைய தட்டை எறியாதீர்கள். அதற்கு ஓர் உறை வாங்கி, வீட்டுப் படங்களையும் உறுதிகளின் பிரதிகளையும் அதிற் பதிந்து வையுங்கள்.

அந்த உறையைப் பற்றி ஒரு வேடிக்கை. யூ.எஸ்.பி. 3 வகைக் கம்பியில் தரவு ஓடும்போது 2.4 கிகா ஹேர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுகிறது. இன்ரெல் நிறுவனமே 2012 இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. தட்டை மாட்டியவுடன் கம்பியில்லாத மவுஸ் தத்தளிக்கும். மவுஸ் பழுதென்று புதிது வாங்கியவர்கள் உண்டு. மவுஸின் சிறு செருகியைக் கணினியின் மறுபக்கத் துளைக்கு மாற்றினாலே போதும்.

இந்த மேசையில் ஒரு பழைய தட்டையும், ஓர் எஸ்.எஸ்.டி.யையும், அணில் கடித்த கம்பித் துண்டொன்றையும் வைத்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் வாலிபர்கள் வந்து கழற்றிப் பார்க்கலாம். திருப்பூட்டி இரண்டு இருக்கின்றன. வீட்டு ரவுட்டரை எங்கே வைப்பதென்று கேட்க விரும்புவோர் வீட்டின் படத்தை ஒரு தாளிற் கீறிக்கொண்டு வந்தாற் பேச இலகுவாயிருக்கும்.