வாப்பா விட்டுச் சென்ற அமானிதம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபி முஹம்மத் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

நமது பசறையில் ஸுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு, பனி விலகு முன்னரே வீட்டை விட்டுப் புறப்படும் தந்தையர் எத்தனை பேர்! பதுளைக்கும் லுணுகலைக்கும் பஸ் ஏறுவோர், கடை திறப்போர், தோட்டங்களுக்குச் சென்று வியாபாரம் செய்வோர் என ஒவ்வொருவரும் தம் மனைவி மக்களுக்காகவே உழைக்கின்றனர். மாலையில் திரும்பி வருவோம் என்பது அவர்களது நம்பிக்கை. ஆனால் அந்த நம்பிக்கைக்கு நம்மில் எவரும் உத்தரவாதம் அளிக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை, மீரியபெத்தை தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டது. 2021 மார்ச் 20இல் நமது பசறை 13ஆம் கட்டைப் பகுதியில் பஸ் வண்டியொன்று பள்ளத்தில் வீழ்ந்தது. இவ்விரு துயரங்களும் இன, மத வேறுபாடின்றி நம் அனைவரின் நெஞ்சங்களையும் உலுக்கின. பெற்றோரை இழந்த பிள்ளைகளின் அழுகுரலை நாம் கேட்டோம்.

நேயர்களே! ஓர் அன்பான கணவர், பொறுப்புள்ள தந்தை மறைந்துவிட்டால், அவரை நாம் எவ்வாறு நினைவுகூர வேண்டும்? கண்ணீர் சிந்தினால் போதுமா? அவரது நற்குணங்களைப் பேசினால் போதுமா? இதற்கு விடையாக, மதீனாவில் வாழ்ந்த ஒரு தந்தையினதும் மகனினதும் வரலாற்றைச் சிந்திப்போம்.

தந்தையின் பெயர் அப்துல்லாஹ் இப்னு அம்ர் இப்னு ஹராம் (ரழி). மகன் ஜாபிர் (ரழி). ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு, உஹதுப் போருக்கு முந்திய இரவில் தந்தை மகனை அழைத்தார். நாளை முதலில் ஷஹீதாவோருள் தாமும் ஒருவராக இருக்கலாம் எனக் கூறினார். தமக்கு ஒரு கடன் இருப்பதாகவும், அதை மகன் நிறைவேற்ற வேண்டும் எனவும், சகோதரிகளை நல்ல முறையில் பராமரிக்க வேண்டும் எனவும் சொன்னார். அந்த வீட்டில் பெண்மக்கள் பலர் இருந்தனர். அவர்களைத் தனியே விட மனமின்றி ஜாபிரை வீட்டிலேயே நிறுத்திவிட்டு, தந்தை களம் சென்றார், ஷஹீதானார்.

தந்தையின் முகத்தை மூடியிருந்த துணியை விலக்கி விலக்கி ஜாபிர் அழுதார். அங்கிருந்தோர் தடுத்தனர், ஆனால் நபியவர்கள் தடுக்கவில்லை. ஆகவே துயரம் தவறன்று. இதயத்தில் ஈரம் இருப்பது ஈமானுக்கு முரணானதும் அன்று. எனினும் ஜாபிர் அழுகையோடு நின்றுவிடவில்லை.

கடன் கொடுத்தவர் ஒரு யூதர். முப்பது வஸக் பேரீத்தம்பழம் அவருக்குச் சேர வேண்டியிருந்தது. ஜாபிர் தவணை கேட்டார்; அவர் மறுத்தார். நபியவர்களே பரிந்து பேசியும் அவர் இணங்கவில்லை. அப்பொழுதும் அவரை எவரும் கடிந்து விரட்டவில்லை. கடன் கடனாகவே மதிக்கப்பட்டது. நபியவர்கள் ஜாபிரின் தோட்டத்தினுள் நடந்து சென்றார்கள். பின்னர் பழங்களைப் பறித்துக் கடனைக் கொடுக்கும்படி பணித்தார்கள். அல்லாஹ்வின் அருளால் முப்பது வஸக்கும் கொடுக்கப்பட்டு, பதினேழு வஸக் மிஞ்சியது.

அடுத்து சகோதரிகள். ஜாபிர் இளைஞர். தமக்கு ஒத்த வயதுடைய கன்னிப் பெண்ணை மணந்திருக்கலாம். ஆனால் அவர் முன்னர் திருமணமான ஒரு பெண்மணியை மணந்தார். நபியவர்கள் காரணம் கேட்டபோது, தம் சகோதரிகளுக்குத் தலைவாரி, அவர்களை அரவணைத்துப் பார்க்கக்கூடிய ஒருவரை விரும்பியதாகச் சொன்னார். நபியவர்கள் அதனைப் பாராட்டி, அவருக்காகப் பிரார்த்தித்தார்கள்.

இளைஞர்களே! தந்தையை நினைவுகூர்தல் என்பது இதுதான். அவர் தோளில் சுமந்ததை நம் தோளுக்கு மாற்றிக்கொள்வது.

முதலாவது, கடன். ஜனாஸாச் செலவுக்குப் பின் கடனை அடைத்து, அதன் பின் வஸிய்யத்தை நிறைவேற்றி, எஞ்சியதையே வாரிசுகள் பங்கிட வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். மனைவிக்குக் கொடுக்கப்படாத மஹரும் கடனே. கடைக் கொப்பியில் வாப்பாவின் பெயரில் பாக்கி நிற்கும்போது, அவர் பெயரால் ஊரழைத்து விருந்து வைப்பதில் என்ன பொருள் உண்டு?

இரண்டாவது, உம்மா. இத்தா நாட்கள் முடிந்த பின்னரே அவரது தனிமை தொடங்குகின்றது. வருகை தந்தோர் போய்விடுவர். அப்பொழுதுதான் பிள்ளைகள் அருகில் இருக்க வேண்டும். கணவரின் சொத்தில் அவருக்குரிய பங்கைத் தயக்கமின்றிக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, வாப்பாவின் நண்பர்கள். உமர் (ரழி) அவர்களின் புதல்வர் இப்னு உமர் (ரழி) மக்கா செல்லும் வழியில் ஒரு கிராமவாசியைச் சந்தித்தார். அவர் தம் தந்தையின் நண்பருடைய மகன் என அறிந்ததும், தாம் ஏறிச்சென்ற கழுதையையும் தலைப்பாகையையும் அவருக்கு வழங்கிவிட்டார். நீங்கள் வாப்பாவின் நண்பரைக் கண்டால், நின்று ஸலாம் சொல்லி நலம் விசாரிக்கிறீர்களா?

நான்காவது, சற்றுக் கசப்பானது. தங்கையை வாழவைக்கத் தன் வாப்பா பட்ட பாட்டை அறிந்த மகன், தன் திருமணத்தின்போது இன்னொரு தந்தையிடம் வீடும் காசும் சீதனமாகக் கேட்கலாமா? அந்தத் தந்தையும் பனியில் நடந்து உழைத்தவர்தான். சீதனம் வேண்டாம் எனச் சொல்லும் மகனே தன் வாப்பாவை உண்மையில் மதித்தவன்.

பெற்றோர்களே! அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் உயிரோடிருக்கும்போதே மகனை அழைத்துப் பேசினார். கடனை மறைக்கவில்லை. நாமும் கொடுக்கல் வாங்கல்களை எழுதி வைப்போம். மனைவிக்கும் மூத்த பிள்ளைக்கும் தெரியப்படுத்துவோம். நபியவர்கள் வீட்டு வேலைகளில் பங்கெடுத்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்தார்கள். மகள் பாத்திமா (ரழி) வந்தால் எழுந்து சென்று முத்தமிட்டுத் தம் இடத்தில் அமரச் செய்தார்கள். நாளை பிள்ளைகள் நினைவுகூரப்போவது நாம் சேர்த்த பொருளை அன்று. இன்று மாலை வீடு திரும்பியபோது நம் முகம் எவ்வாறிருந்தது என்பதையே.

மனிதன் மரணித்ததும் அவனது செயல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மமும், பயன்தரும் கல்வியும், பிரார்த்திக்கும் நல்ல பிள்ளையும் மட்டுமே தொடர்கின்றன என நமக்குக் கற்பிக்கப்பட்டுள்ளது. வாப்பா உயிரோடிருப்போர் இன்று அவர் அருகில் சென்று சற்று அமருங்கள். மறைந்தோரின் பிள்ளைகள் அடுத்த தொழுகையில் கையேந்துங்கள். பின்னர் எழுந்து, அவர் விட்டுச் சென்ற ஒரு பொறுப்பையேனும் இன்றே நிறைவேற்றத் தொடங்குங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! அவர்களின் கப்றுகளை ஒளிமயமாக்குவாயாக! எங்களை அவர்களுக்குப் பயன்தரும் பிள்ளைகளாக ஆக்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.